பியாஃப்ராவை உயிர்ப்பித்தவர்கள் யார்?

நைஜர் ஆற்றங்கரையில் அமைந்துள்ள ஓனிட்ஷா, மேற்கு ஆப்பிரிக்காவின் மிகப்பெரிய சந்தை நகரங்களுள் ஒன்று. 2021 ஆகஸ்ட் 9 தொடங்கி ஆண்டுக்கணக்கில் அந்நகரின் கடைகள் திங்கட்கிழமைதோறும் அடைபட்டுக் கிடந்தன. நைஜீரியாவின் தென்கிழக்கு மாநிலங்கள் ஐந்திலும் பள்ளிகளும் வங்கிகளும் பேருந்து நிலையங்களும் அவ்வாறே முடங்கின. முதலில் கதவடைப்புக்கு ஆணையிட்டது, ஐபாப் எனச் சுருக்கமாக அறியப்படும் பியாஃப்ரா பூர்வகுடி மக்கள் இயக்கம். சிறையிலடைக்கப்பட்ட தன் தலைவர் நம்டி கானுவை விடுவிக்க வேண்டும் என்பது அதன் கோரிக்கை. பின்னர் அவ்வியக்கமே ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக அறிவித்தது. அப்போதும் கடைகள் திறக்கவில்லை. திறந்தால் யார் வந்து சுடுவார்கள் என்பது எவருக்கும் தெரியாது. சுட்டால் அரசு காப்பாற்றாது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். வணிகத்தால் வாழும் ஒரு மக்கள், வாரத்தில் ஒருநாள் தம் பிழைப்பைத் தாமே பூட்டிவைக்கும் நிலைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தனர்?

இவ்வினாவுக்கு ஆயத்தமாக இரண்டு விடைகள் உலவுகின்றன. முதலாவது, ஆப்பிரிக்காவில் எது நிகழ்ந்தாலும் அதனைப் ‘பழங்குடி மோதல்’ எனப் பெயரிட்டு முடித்துவிடும் விடை. கோடிக்கணக்கில் வாழ்வோரும், நாவலாசிரியர்களையும் பொறியாளர்களையும் உலகெங்கும் பரவிய வணிகர்களையும் கொண்டவருமான ஒரு மக்களைப் ‘பழங்குடி’ என்று எழுதுவதற்கு நம் இதழ்களும், சில வேளைகளில் ஆய்வேடுகளும் கூசுவதில்லை. இரண்டாவது, தேசியவாதிகள் தரும் விடை: 1967இல் பிறந்த பியாஃப்ரா எனும் தேசம் ஒருபோதும் சாகவில்லை; அது உறங்கிக்கிடந்து இப்போது விழித்துக்கொண்டது என்பது. முதல் விடை இகழ்ச்சியில் பிறந்தது. இரண்டாவது பெருமிதத்தில் பிறந்தது. ஆயினும் இரண்டும் ஒரே பணியைச் செய்கின்றன. ஆட்சிப் பொறுப்பிலிருந்தவர்களைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடுகின்றன. இரத்தத்தில் ஊறிய பகையென்றாலும், சாகாத தேசமென்றாலும், அமைச்சரும் ஆளுநரும் காவல்துறைத் தலைவரும் அதற்கு என்ன செய்ய முடியும்?

இன்றைய இக்போ தேசியம் நினைவின் தானாகத் தோன்றிய விளைச்சலன்று. பத்தாண்டுக்குப் பத்தாண்டு, பெயர் சொல்லிச் சுட்டத்தக்க ஆட்சித் தோல்விகள் அதனை உருவாக்கின. அத்தோல்விகளுள் கணிசமானவை அபுஜாவில் நிகழ்ந்தவை. எஞ்சியவை இக்போ நாட்டின் சொந்த மாநிலத் தலைநகரங்களில், இக்போ ஆட்சியாளர்களின் கையால் நிகழ்ந்தவை. இவ்விரண்டாம் பகுதியைச் சொல்லாமல் விடுபவர் பாதி உண்மையையே பேசுகிறார்.

தொடக்கத்திலிருந்து பார்ப்போம். ஆங்கிலேயர் வருகைக்கு முன் இக்போ மக்களுக்குப் பொதுவான அரசு எதுவும் இருந்ததில்லை. பெரும்பாலும் அரசரில்லாத ஊராட்சிகளாகவே அவர்கள் வாழ்ந்தனர். ‘இக்போ’ எனும் பரந்த தன்னுணர்வே குடியேற்ற ஆட்சிக் காலத்தில், மிஷன் பள்ளிகளும் இருப்புப்பாதையும் நகரங்களும் உருவானபோதுதான் திரண்டது. அவ்வாறு திரண்டவர்கள் பிரிவினையை நாடவில்லை. மாறாக, நைஜீரியா எனும் நாட்டை அனைவரினும் மிகுதியாக நம்பியவர்கள் அவர்களே. நாட்டின் முதல் குடியரசுத் தலைவரான ந்னாம்டி அசிகிவே, வடபுலத்துச் சுங்கேரு நகரில் பிறந்தவர். பியாஃப்ராவைப் பிரகடனம் செய்த ஓஜுக்வு பிறந்ததும் அதே சுங்கேருவில்தான். எழுத்தராகவும் ஆசிரியராகவும் இரயில்வே ஊழியராகவும் வணிகராகவும் இக்போ மக்கள் நாடெங்கும் பரவிக் குடியேறியிருந்தனர். நைஜீரியா என்பது அவர்களுக்கு வெறும் வரைபடமன்று, பிழைப்புக்கான வெளி.

அந்த நம்பிக்கை முறிந்தது 1966இல். அவ்வாண்டு ஜனவரி 15 அன்று நடந்த இராணுவப் புரட்சியின் முன்னணியில் இக்போ அதிகாரிகள் பலர் இருந்தனர். கொல்லப்பட்டவர்களுள் தலைமை அமைச்சர் தஃபாவா பலேவா, வடபுல முதல்வர் அகமது பெல்லோ ஆகியோர் இருந்தனர். அடுத்து ஆட்சிக்கு வந்த இக்போ தளபதி அகுயி இரோன்சி, மே மாதம் கூட்டாட்சியை ஒழித்து ஒற்றையாட்சியைக் கொணர்ந்தார். வடபுலத்தாரின் அச்சம் கற்பனையானதன்று என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். ஆனால் அவ்வச்சத்துக்கு விலை கொடுத்தவர்கள் கடைவீதியிலும் இரயில் நிலையத்திலும் இருந்த எளிய மனிதர்கள். மே மாதக் கொலைகளுக்குப் பின், வடக்கிலிருந்து ஓடிவந்தவர்களைத் தத்தம் பணியிடங்களுக்குத் திரும்பிச் செல்லுமாறு கேட்டுக்கொண்டவர் ஓஜுக்வுதான். அவர் சொல்லை நம்பித் திரும்பியவர்கள் பலர் செப்டம்பர், அக்டோபர் மாதப் படுகொலைகளில் மாண்டனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிழக்கு நோக்கி ஓடிவந்தனர். குடிமக்களின் உயிரைக் காப்பது அரசின் முதற்கடன். அக்கடனை நைஜீரிய அரசு ஆற்றத் தவறியதோடு, அதன் சிப்பாய்கள் சிலர் கொலைகளில் பங்கேற்கவும் செய்தனர். 1967 ஜனவரியில் கானாவின் அபுரியில் எட்டப்பட்ட உடன்பாடும் நிறைவேறவில்லை. மே 30 அன்று பியாஃப்ரா பிறந்தது. முதல் பியாஃப்ராவே காப்பாற்றாத அரசின் குழந்தை.

அந்தப் பியாஃப்ராவையும் அழகுபடுத்திக் காட்டத் தேவையில்லை. இஜாவ், எஃபிக், இபிபியோ, ஒகோனி முதலிய கிழக்குப்புலச் சிறுபான்மையினரை அது முறையாகக் கலந்துகொள்ளவில்லை. ஒகோனி எழுத்தாளர் கென் சாரோ-விவா அப்போரில் நடுவணரசின் பக்கமே நின்றார். எனினும், 1970 ஜனவரி 15 வரை நீடித்த அப்போரில் முற்றுகையாலும் பசியாலும் மாண்டவர்களின் எண்ணிக்கை 5 லட்சம் முதல் 30 லட்சம் வரை மதிப்பிடப்படுகிறது. இத்துணைப் பெரிய வேறுபாடே ஒரு செய்தியைச் சொல்கிறது: எண்ணிப் பார்க்க எவரும் விரும்பவில்லை.

போர் முடிந்ததும் ‘வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை’ என்றார் ஆட்சித் தலைவர் கோவோன். பழிவாங்கும் பெருங்கொலை எதுவும் நிகழவில்லை என்பது அவருக்குச் சேரவேண்டிய பெருமை. ஆனால் கணக்கேடுகள் வேறு கதை கூறின. போர்க்காலத்தில் பியாஃப்ராவில் இயக்கப்பட்ட வங்கிக் கணக்குகளில் எவ்வளவு பணம் இருந்திருந்தாலும், கணக்கு வைத்திருந்தவருக்குக் கிடைத்தது 20 பவுன் மட்டுமே. இரண்டே ஆண்டுகளில், 1972இல், அயல்நாட்டு நிறுவனங்களின் பங்குகளை நைஜீரியர்களுக்கு மாற்றும் சட்டம் வந்தது. பங்கு வாங்கக் கையில் முதல் வேண்டுமே! 20 பவுனோடு வீடு திரும்பியவர் அந்த ஏலத்தில் என்ன வாங்கியிருக்க முடியும்? போர்ட் ஹார்கோர்ட்டில் அவர்கள் விட்டுவந்த வீடுகள் ‘கைவிடப்பட்ட சொத்து’ எனப் பெயரிடப்பட்டுப் பிறர் கைக்கு மாறின. உயிருக்கு அஞ்சி ஓடியவனின் வீட்டைக் கைவிடப்பட்ட வீடு என்று அழைப்பதற்குத் தனித்த மனத்திண்மை வேண்டும்.

அநீதி மாநில எல்லைகளிலும் எழுதப்பட்டது. இராணுவ ஆட்சியாளர்கள் அடுத்தடுத்து மாநிலங்களைப் பிரித்துப் பிரித்து, 1996இல் 36 ஆக்கினர். ஆறு மண்டலங்களுள் வடமேற்குக்கு 7 மாநிலங்கள். நான்கு மண்டலங்களுக்கு ஆறாறு. தென்கிழக்குக்கு மட்டும் 5. மாநிலத்துக்கு மூவர் என்ற கணக்கில் மேலவையில் தென்கிழக்குக்கு 15 இடங்களே கிட்டின, வடமேற்குக்கோ 21. நாட்டின் 774 உள்ளாட்சி அமைப்புகளுள் தென்கிழக்கின் ஐந்து மாநிலங்களுக்கும் சேர்த்து 95. வடக்கில் கானோ மாநிலம் ஒன்றில் மட்டும் 44; 1991இல் அதிலிருந்து பிரிந்த ஜிகாவாவில் 27. நடுவண் வருவாய்ப் பகிர்வில் மாநில, உள்ளாட்சி எண்ணிக்கைக்கும் இடமுண்டு என்பதால், வரைபடத்தில் போட்ட கோடு மாதந்தோறும் பணமாக மாறுகிறது. மக்கள்தொகையைச் சான்றாகக் காட்டலாமென்றால், கடைசியாகக் கணக்கெடுப்பு நடந்தது 2006இல். அதிலும் இனமும் மதமும் கேட்கப்படவில்லை.

இத்தனைக்கும் பிறகு இங்கே ஒரு முதன்மையான உண்மையைக் கவனிக்க வேண்டும். 1970 முதல் 1999 வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், இக்போ நாட்டில் குறிப்பிடத்தக்க பிரிவினை இயக்கம் எதுவும் எழவில்லை. குழந்தையைப் பட்டினியில் பறிகொடுத்த தாயும், காலிழந்த போர்வீரனும், வீடிழந்த வணிகனும் வாழ்ந்துகொண்டிருந்த அந்தத் தலைமுறை பியாஃப்ராக் கொடியைத் தூக்கவில்லை. அவர்கள் கடை போட்டனர். உறவுக்காரச் சிறுவனைச் சில ஆண்டுகள் தொழில் பழக்கி, முடிவில் முதல் கொடுத்துத் தனிக்கடை வைத்துத் தரும் தங்கள் மரபான பயிற்சிமுறையைக் கொண்டு, கடன் தராத வங்கிகளின் துணையின்றியே மீண்டெழுந்தனர். நென்வி, ஆபா, ஓனிட்ஷா ஆகிய நகரங்கள் அவ்வாறு எழுந்தவை. 1979இல் அலெக்ஸ் எக்வுவெமே நாட்டின் துணைக் குடியரசுத் தலைவரானார். 1982இல் மன்னிப்புப் பெற்று நாடு திரும்பிய ஓஜுக்வு, ஆளுங்கட்சியில் சேர்ந்து மேலவைத் தேர்தலில் நின்று, அதுவும் சொந்த மண்ணில், தோற்றார். நினைவுதான் தேசியத்தைப் பிறப்பிக்குமென்றால், 1975இல் அது உச்சத்தில் இருந்திருக்க வேண்டும்.

இராணுவ ஆட்சி அடக்கிவைத்திருந்தது என்று இதற்கு மறுப்புக் கூறலாம். ஆனால் அதே இராணுவ ஆட்சியின்கீழ்தான் 1990இல் ஒகோனி மக்களின் இயக்கம் தோன்றியது. 1993 ஜூன் 12 தேர்தல் முடிவை இராணுவம் செல்லாததாக்கியபோது யொரூபா நாடு கொதித்தெழுந்தது. அடக்குமுறை மற்றவர்களை எழவிடாமல் தடுக்கவில்லை. இக்போ மக்களை மட்டும் தடுத்தது என்பது எடுபடாத வாதம். அவர்கள் காத்திருந்தனர் என்பதே பொருத்தம். பொதுவாழ்வில் மீண்டும் இடம் கிடைக்கும், மக்களாட்சி வந்தால் கணக்குத் தீரும் என்று காத்திருந்தனர்.

1999இல் மக்களாட்சி வந்தது. அதே ஆண்டிலேயே ரால்ஃப் உவாசுருவிகே மாசோப் எனும் பியாஃப்ரா இயக்கத்தைத் தொடங்கினார். தற்செயலாக நேர்ந்ததன்று இது. காத்திருப்புக்கு வந்த விடை அவ்வாறிருந்தது. மனித உரிமை மீறல்களை ஆராய நீதிபதி ஒபுடா தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது; இக்போ அமைப்புகள் 1966 முதலான கொடுமைகளை அதன்முன் முறையிட்டன; அறிக்கையை அரசு அதிகாரபூர்வமாக வெளியிடவேயில்லை. 2003 ஜூலையில் அனாம்பிரா மாநில ஆளுநர் கிறிஸ் நிகிகே கடத்தப்பட்டார். நைஜீரியாவில் ஆளுநர் என்பவர் நம் நாட்டில் போல நியமிக்கப்படுபவர் அல்லர். மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் மாநில ஆட்சித் தலைவர். அவரைப் பிடித்துச் சென்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் காவல்துறை உயரதிகாரி ஒருவர். அரசமைப்பின்படி நாடு முழுமைக்கும் ஒரே காவல்துறை. அதன் கடிவாளம் அபுஜாவில். தன்னைக் கடத்தும் காவலருக்குக்கூட ஆணையிட முடியாதவராக ஓர் ஆளுநர் இருந்தார். சொந்த மாநிலத்தின் சீர்கேட்டைச் சுட்டிக்காட்டி, 2004இல் நாட்டின் உயர்விருதை மறுத்தார் சினுவா அச்செபே. நாட்டின் நோய் தலைமையின் தோல்வியே என்று 1983இலேயே நூலெழுதியவர் அவர். ஆட்சியாளர்கள் அந்த மறுப்பைத் தமக்கான அவமதிப்பாகக் கண்டனரேயன்றி எச்சரிக்கையாகக் காணவில்லை.

ஆயினும் மாசோப் ஒரு வெகுமக்கள் இயக்கமாக வளரவில்லை. 2010இல், குட்லக் ஜோனத்தன் காலத்தில், இரோன்சிக்குப் பின் முதன்முறையாக ஓர் இக்போ அதிகாரி தரைப்படைத் தளபதியானார். 2009இல் இலண்டனிலிருந்து பியாஃப்ரா வானொலியை நடத்தத் தொடங்கி, 2012இல் ஐபாப் இயக்கத்தை நிறுவிய நம்டி கானு, அப்போது நாட்டு அரசியலை அசைக்கும் மனிதராக இல்லை. அவரைத் தலைவராக்கியது 2015க்குப் பிந்தைய அரசு.

அவ்வாண்டு ஆட்சிக்கு வந்த முகம்மது புகாரி, தமக்கு 97 விழுக்காடு வாக்களித்த தொகுதிகளையும் 5 விழுக்காடு வாக்களித்த தொகுதிகளையும் எல்லாவற்றிலும் ஒன்றாக நடத்த இயலாது என்ற பொருள்பட வாஷிங்டனில் பேசினார். பேச்சோடு நிற்கவில்லை. அவர் நியமித்த முப்படைத் தளபதிகளுள் தென்கிழக்கைச் சேர்ந்தவர் ஒருவரும் இல்லை. அரசமைப்பின் 14ஆம் பிரிவு, எந்தவொரு பகுதியினரும் அரசில் மேலோங்காதபடி நியமனங்கள் அமைய வேண்டும் என்கிறது. எழுதப்பட்ட சட்டத்தைக் குடியரசுத் தலைவரே இவ்வாறு பொருட்படுத்தாதபோது, அச்சட்டத்துக்குக் கட்டுப்படுமாறு இருபது வயது இளைஞனுக்கு எந்த வாயால் அறிவுரை கூறுவது?

2015 அக்டோபரில் கானு கைது செய்யப்பட்டார். அவருடைய வானொலிப் பேச்சுகளில் வெறுப்பும் ஆயுத மிரட்டலும் இருந்தன. அவற்றுக்கு வழக்குத் தொடுப்பது தவறில்லை. ஆனால் வழக்கோடு துப்பாக்கியும் வந்தது. 2016 மே 30 அன்று, பியாஃப்ரா நினைவுநாளுக்காக ஓனிட்ஷாவில் கூடியவர்கள்மீது படையினர் சுட்டனர். இரண்டே நாளில் குறைந்தது 60 பேர் கொல்லப்பட்டதாக ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் பதிவுசெய்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான், எனுகு மாநிலத்தின் நிம்போ ஊரில் ஆயுதமேந்திய மேய்ச்சல்காரர்கள் புகுந்து பலரை வெட்டிச் சாய்த்திருந்தனர். தாக்குதல் வரப்போகிறது என்று முன்பே எச்சரித்தும் காக்க ஒருவரும் வரவில்லை என்றனர் ஊரார். நிம்போவில் இல்லாத படை ஓனிட்ஷாவில் இருந்தது. தென்கிழக்கில் ஒரு தலைமுறை அரசியல் கற்றது இவ்விரு ஊர்ப்பெயர்களிலிருந்துதான். இலண்டன் வானொலியிலிருந்து அன்று.

2017 செப்டம்பரில் உமுவாகியாவில் கானுவின் வீட்டை இராணுவம் முற்றுகையிட்டது. அதே மாதம் ஐபாப் பயங்கரவாத இயக்கமாகத் தடைசெய்யப்பட்டது. அன்று அதற்கு ஆயுதப்பிரிவு எதுவும் இல்லை. அப்பிரிவு தோன்றியது மூன்றாண்டுகள் கழித்து, 2020 டிசம்பரில். காலவரிசையைக் கவனிக்க வேண்டும்: தடை முதலில், துப்பாக்கி பிறகு. எண்ணெய்க் குழாய்களைத் தகர்த்த நைஜர் கழிமுகப் போராளிகளுக்கு 2009இல் பொதுமன்னிப்பும் உதவித்தொகையும் கிடைத்தன. சரணடைந்த போகோ ஹராம் உறுப்பினர்களுக்கு 2016 முதல் மறுவாழ்வுத் திட்டம் நடக்கிறது. ஆயுதம் ஏந்தியவனோடு பேசுவோம், ஏந்தாதவனைச் சுடுவோம் என்று ஓர் அரசு பத்தாண்டுகள் பாடம் நடத்தினால், மாணவர்கள் அதைக் கற்றுக்கொள்ளத்தான் செய்வார்கள்.

இதுவரை சொன்னவை அபுஜாவின் கணக்கு. இக்போ தேசியவாதிகள் இதனை நன்கறிவர். இத்தோடு நிறுத்திக்கொள்ளவும் விரும்புவர். ஆனால் தென்கிழக்கின் ஊராட்சியை முடக்கியவர் புகாரி அல்லர். அனாம்பிராவில் 2014க்குப் பின் உள்ளாட்சித் தேர்தல் மீண்டும் நடந்தது 2024இல். இடைப்பட்ட பத்தாண்டுகளும் ஆளுநர்கள் தாம் அமர்த்திய குழுக்களைக் கொண்டே ஊர்களை ஆண்டனர்; உள்ளாட்சிகளுக்கான நடுவண் நிதியை மாநிலக் கூட்டுக்கணக்கின் வழியே தம் கைக்குள் வைத்திருந்தனர். அந்நிதியை உள்ளாட்சிகளுக்கு நேரடியாக வழங்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் ஆணையிட வேண்டியிருந்தது. அபியாவில் ஆசிரியர்களும் ஓய்வூதியர்களும் மாதக்கணக்கில் நிலுவைக்காகக் காத்துக்கிடந்தனர். அவர்களைக் காக்கவைத்தவர்கள் அவர்களின் மொழி பேசியவர்களே. இமோவில், தேர்தல் ஆணையத்தின் கணக்கில் நான்காமிடம் பெற்றவரை 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆளுநராக்கியது. அத்தகைய ஆட்சியில் ஓர் இளைஞன் தன் வாக்குக்கு என்ன மதிப்பைக் காண்பான்?

இவ்வாட்சியாளர்கள் ஓரவஞ்சனையைப் பற்றி உருக்கமாகப் பேசுவதில் வல்லவர்கள். தென்கிழக்கு புறக்கணிக்கப்படுகிறது என்பது உண்மை; அவ்வுண்மையே அவர்களுக்கு வசதியான திரையாகவும் ஆனது. சாலை இல்லையா? அபுஜா தரவில்லை. சம்பளம் இல்லையா? அபுஜா தரவில்லை. மாதந்தோறும் அபுஜா தந்தது எங்கே போயிற்று என்று மட்டும் கேட்கக் கூடாது. தேசிய இயக்கமும் கேட்கவில்லை. ஆளுநர்களைத் துரோகிகள் என வசைபாடியதே தவிர, அவர்களின் வரவு செலவுக் கணக்கைக் கேட்டு ஓர் உருப்படியான போராட்டத்தை அது நடத்தவில்லை. துரோகி என்ற வசை ஆளுநருக்கு வலிக்காது; தணிக்கை அறிக்கை வலிக்கும்.

விளைவு கண்ணெதிரே உள்ளது. 2021 ஏப்ரலில் ஆயுதம் தாங்கியவர்கள் ஓவெரி சிறையைத் தகர்க்க, 1,800க்கும் மேற்பட்ட கைதிகள் தப்பினர். அதே செப்டம்பரில், இமோ மாநிலப் பள்ளியொன்றில் திங்கட்கிழமையன்று ஆங்கிலப் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களைத் துப்பாக்கிக்காரர்கள் விரட்டியடித்தனர். ஐபாப் கைவிட்டதாகச் சொன்ன கதவடைப்பைப் பின்லாந்தில் அமர்ந்துகொண்டு தொடரச் செய்த சைமன் எக்பாவுக்கு அந்நாட்டு நீதிமன்றம் 2025இல் ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2021 ஜனவரி முதல் 2023 ஜூன் வரை தென்கிழக்கில் குறைந்தது 1,844 பேர் கொல்லப்பட்டதாக ஆம்னெஸ்டி கணக்கிட்டுள்ளது. கொன்றவர்களுள் இனந்தெரியாத துப்பாக்கிக்காரர்களும் உண்டு. அரசுப் படைகளும் உண்டு. ஆளுநர்கள் உருவாக்கிய எபுபேயாகு படையும் உண்டு. மக்களைக் கேளாமல் ஆணையிடுவது, மீறியவரைக் கொல்வது, யாருக்கும் கணக்குக் காட்டாமலிருப்பது ஆகிய இவையெல்லாம் எந்த அரசை எதிர்த்து இயக்கம் எழுந்ததோ அதன் இலக்கணங்கள். விடுதலையின் பெயரால் தென்கிழக்குக்கு வாய்த்தது இரண்டாவது மோசமான அரசு.

இவ்விடத்தில் அபுஜாவின் வழக்கறிஞர்கள் ஒரு வினாவை எழுப்புவதுண்டு. மோசமான ஆட்சி நைஜீரியா முழுமைக்கும் பொது. வடக்கில் வறுமை தென்கிழக்கைவிடக் கொடியது. அவ்வாறாயின் இக்போ மக்கள் மட்டும் ஏன் பிரிவினை பேசுகின்றனர்? வினா நியாயமானது. விடையும் அதனுள்ளேயே இருக்கிறது. அதே ஆட்சித் தோல்வி வடகிழக்கில் போகோ ஹராமாகவும், வடமேற்கில் ஆள்கடத்தும் கொள்ளைக் கூட்டங்களாகவும், கழிமுகத்தில் எண்ணெய்ப் போராளிகளாகவும், யொரூபா நாட்டில் ஒடுடுவா தனிநாட்டுக் குரலாகவும் வெளிப்பட்டது. நோய் ஒன்று, அது பேசும் மொழி இடத்துக்கு இடம் மாறுகிறது. இக்போ நாட்டில் அந்நோய்க்கு ஆயத்தமான ஒரு மொழி இருந்தது: கொடி, பாடல், தியாகிகள், பாதி உதித்த சூரியன். நினைவு தந்தது அந்த மொழியைத்தான். காய்ச்சலைத் தந்தது அரசு. போரைப் பற்றிப் பேசாதே என்று அந்நினைவைப் பூட்டிவைத்ததும் அரசுதான். 2009-10 கல்வியாண்டு வாக்கில் பள்ளிகளில் வரலாறு தனிப்பாடமாக இல்லாமற்போயிற்று. வகுப்பறையில் கற்பிக்கப்படாத போரை இளைஞர்கள் கானுவின் வானொலியில் கற்றனர்.

இம்மக்கள் பிரிவினையைத் தவிர வேறெதையும் ஏற்கமாட்டார்கள் என்பதும் பொய். 2023இல் அவர்கள் அதனை மெய்ப்பித்தனர். அனாம்பிராவின் முன்னாள் ஆளுநர் பீட்டர் ஓபி குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றபோது, பியாஃப்ரா பேசிய தெருக்களிலிருந்தே இளைஞர்கள் நைஜீரிய வாக்காளர் அட்டைக்காக வரிசையில் நின்றனர். அவர் ஏறத்தாழ 61 லட்சம் வாக்குகள் பெற்றார். தென்கிழக்கின் ஐந்து மாநிலங்களோடு லாகோஸ் மாநிலத்தையும் வென்றார். இனவாதத் தலைவருக்கு லாகோஸ் கிட்டாது. பிரிவினைக்கு மாற்றாகப் பொதுக்குடிமையை நீட்டிய ஒரு கணத்தில் மக்கள் அதனைப் பற்றிக்கொண்டனர். அரசு அதற்களித்த மறுமொழி என்ன? முடிவுகளை உடனுக்குடன் இணையத்தில் ஏற்றுவோம் என்ற தேர்தல் ஆணையத்தின் வாக்குறுதி குடியரசுத் தலைவர் தேர்தலிலேயே பொய்த்தது. அடுத்த மாதம் நடந்த லாகோஸ் ஆளுநர் தேர்தலில், இக்போ என ஐயுறப்பட்டவர்கள் வாக்குச்சாவடிகளிலிருந்து மிரட்டி விரட்டப்பட்டனர். எத்தனைமுறை ஒரு மக்களைக் கதவைத் தட்டச் சொல்லித் திருப்பியனுப்புவது?

2021 ஜூனில் கானு கென்யாவிலிருந்து முறைப்படியான ஒப்படைப்பு ஏதுமின்றித் தூக்கிவரப்பட்டார். அதனைக் காரணம்காட்டி 2022 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது, அரசு விடவில்லை. 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தொடரச் செய்தது. 2025 நவம்பரில் அவருக்கு ஆயுள்தண்டனை விதிக்கப்பட்டது. அபுஜா இதனைத் தீர்வெனக் கருதுமாயின், 2015இலிருந்து அது எதையும் கற்கவில்லை. கைது ஓர் ஒலிபரப்பாளரைத் தலைவராக்கியது. ஆயுள்தண்டனை தலைவரைத் தியாகியாக்கும். இதற்கிடையே நிம்போவும் ஓனிட்ஷாவும் எந்த நீதிமன்றத்திலும் தீராத கணக்குகளாகவே கிடக்கின்றன.

தன்னாட்சி உரிமை எந்த மக்களுக்கும் உரியதே. அதனை மறுப்பது இங்கு நோக்கமன்று. ஆனால் நாளையே பியாஃப்ரா பிறந்தால் அதனை ஆளப்போவது யார் என்ற வினாவுக்கு ஐபாப் இன்றுவரை விடை தரவில்லை. உள்ளாட்சித் தேர்தல் நடத்தாத அதே ஆளுநர்களா? தேர்வெழுதும் பிள்ளைகளை விரட்டிய அதே துப்பாக்கிகளா? இஜாவும் இபிபியோவும் அதில் குடிமக்களா, குத்தகைதாரர்களா? கொடியை மாற்றுவதால் கணக்கேடு மாறிவிடாது.

ஆகவே இச்சிக்கலை ஆராய முனையும் மாணவர்கள் கொடியையும் பாடலையும் ஆய்ந்ததோடு நின்றுவிடலாகாது. உள்ளாட்சிக் கூட்டுக்கணக்கையும், ஒற்றைக் காவல்துறை பற்றிய அரசமைப்பு விதியையும், மாநில எல்லை ஆணைகளையும், வெளிவராத ஒபுடா அறிக்கையையும் படிக்க வேண்டும். ‘இன அடையாளம்’ என்ற ஒற்றைச் சொல்லின்கீழ் இவற்றை அடக்கிவிடும் ஆய்வேடு, தேர்வாளரின் ஒப்புதலைப் பெறலாம். அபுஜாவும் எனுகுவும் அதற்கு நன்றியும் சொல்லும். தீர்வுக்கான முதற்படிகள் மறைபொருள் அல்ல: மாநிலங்களுக்குக் கட்டுப்பட்ட காவல்துறை, காலந்தவறாத உள்ளாட்சித் தேர்தல், படுகொலைகள்மீது வெளிப்படையான விசாரணை, தென்கிழக்குக்கு நியாயமான இடப்பங்கீடு, சிறையிலிருப்பவரோடு அரசியல் பேச்சு. இவற்றுள் எதற்கும் புதிய தேசம் தேவையில்லை. இருக்கும் அரசு அரசாக நடந்துகொண்டால் போதும். ஒரு திங்கட்கிழமைக் காலையில் ஓனிட்ஷாவின் துணிக்கடைக்காரர் எவரிடமும் அனுமதி கேளாமல், எவருக்கும் அஞ்சாமல் தன் கடையைத் திறக்கும் வரை, அபுஜாவும் ஐபாப்பும் சொல்லும் எந்த வெற்றிக் கதையையும் நம்புவதற்கில்லை.